நோட்டில் ஏறாத தண்ணி

மலருக்கு "உங்க குழுவோட வரலாற்றை எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். கடன் வாங்கியது, கட்டியது, மேளாவில் கடை போட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 2019-ல் எங்கள் மாவு வியாபாரத்தை மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது கடன் இல்லை, தண்ணி. அதனால் அந்தத் தண்ணியின் வரலாற்றையே எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த வீடு குறிஞ்சிப்பாடி பக்கம், புகுந்த வீடு சிதம்பரம். எங்க ஆயா சொல்லும், "அப்பல்லாம் போர் போட்டா மோட்டாரே வேணாம்டி, தண்ணி தானா பொங்கி ஊத்தும்." சின்ன வயதில் கதை விடுகிறது என்று சிரிப்போம். கதையில்லை. நெய்வேலிப் பக்கம் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் நீர் பெரிய அழுத்தத்தோடு இருக்கிறது. துளை விழுந்தால் மேலே ஏறும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1961-ல் நிலக்கரியைத் தொட்டபோது, இந்த நீரே பெரிய தடையாக இருந்தது. அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு நீர் உள்ளே வந்துவிடும். அதனால் போர் போட்டு இரவு பகலாக இறைத்தார்கள், இன்றும் இறைக்கிறார்கள். அந்த நீர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, வாலாஜா ஏரி வழியாக வயலுக்கும் போகிறது. ஆயா சொன்ன பொங்கும் போர்தான் இல்லாமல் போனது. அம்மா காலத்தில் மேலே மோட்டார் வைத்தோம், தம்பி காலத்தில் மோட்டாரையே உள்ளே இறக்கினோம்.

சிதம்பரம் பக்கம் வேறு கதை. இங்கே வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் ஏரிக்கு. கொள்ளிடத்தில் 1836-ல் கட்டிய கீழணையில் இருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது, சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனம். 2004-ல் இருந்து இதே ஏரியில் இருந்து சென்னைக்கும் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை குழாயில் போகிறது. அதற்காகச் சென்னைக்காரர்களைத் திட்டுகிற ஆள் நான் இல்லை. 2019 கோடையில் அங்கே ஓட்டல்களே தண்ணி இல்லாமல் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன, லாரித் தண்ணிக்குப் பெண்கள் ராத்திரியெல்லாம் குடத்தோடு நின்றார்கள். ஊருக்குள் ஞானப்பிரகாசர் குளம், ஓமக்குளம், இளமையாக்கினார் குளம் என்று இத்தனை குளம் இருந்தும் நாம் கேன் வாங்குகிறோமே, அதுதான் எனக்கு உறுத்தல்.

இப்போது எங்கள் கதை. தமிழ்நாட்டில் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின, 1997-ல் மகளிர் திட்டமாகிப் படிப்படியாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தன. நாங்கள் சேர்ந்தது அதற்கும் பிறகு. நானும் என் ஓரகத்தியும் கிரைண்டர் வாங்கி இட்லி மாவு போட்டோம். முதலில் வீட்டு அடிபம்புத் தண்ணிதான். போகப்போக அது உப்புக் கரித்தது, உளுந்தும் சரியாகப் பொங்கவில்லை. ஆட்ட மட்டும் ஒரு கேன் வாங்கினோம். அப்புறம் ஊற வைக்க, அப்புறம் களைய, கடைசியில் கிரைண்டர் கழுவவும் கேன்தான். ஒரு நாளைக்கு ஐந்து கேன் ஆனது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

2019 மே மாதம் தவணை கட்டப் பணம் இல்லை. நோட்டைப் பார்த்தால் லாபம் இருக்கிறது, டப்பாவைத் திறந்தால் இல்லை. பணத்தை வைத்திருந்தது ஓரகத்தி. நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலு நாள் கிரைண்டர் ஓடவில்லை.

எங்கள் குழுவின் ஊக்குநர் அக்கா வந்து உட்கார்ந்தார். "யார் மேலயும் சந்தேகப்படாதீங்க. காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன கைக்கு வருது, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். பத்து கிலோ அரிசி 400 ரூபாய், இரண்டரை கிலோ உளுந்து 250, கவர், கரண்ட், மற்றது 130. மாவு முப்பது கிலோ, கிலோ 35 ரூபாய் என்றால் 1050. மிச்சம் 270. இதுதான் நோட்டில் இருந்தது. "கேன்காரருக்கு யார் காசு கொடுக்கிறது?" என்றார் அக்கா. டப்பாவில் இருந்து எடுத்துக் கொடுப்பது ஓரகத்திதான். ஐந்து கேன், கேன் 25 ரூபாய், 125 ரூபாய். 270-ல் கிட்டத்தட்டப் பாதி. தண்ணிக்கு எழுத வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தண்ணிக்குக் காசு என்பதே நமக்குப் புதுசுதானே.

அன்றைக்கே நோட்டில் தண்ணிக்குத் தனிக் கட்டம் போட்டோம். நகராட்சிக் குழாயில் வரும் நேரத்துக்கு மூடி போட்ட டிரம்மில் பிடித்து வைத்தோம். முதல் மூன்று களையலும் கிரைண்டர் கழுவுவதும் அந்தத் தண்ணியில். கடைசிக் களையலுக்கும், ஊற வைக்கவும், ஆட்டவும் கேன். இரண்டு கேனில் முடிந்தது. நாளுக்கு 75 ரூபாய் மிச்சம், மாதத்தில் 25 நாள் ஆட்டினால் 1875. களைந்த கழனித்தண்ணி பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது, பதிலுக்கு அவர்கள் மோர் தருவார்கள்.

கடலூர் பழைய துறைமுகம் பக்கம் கருவாடு போடும் நம் சகோதரிகளிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு மீன் கழுவுற தண்ணி, ஐஸ், ரெண்டும் நோட்டுல இல்லையே" என்று அவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். அவர்கள் கணக்கில் ஐஸ்தான் பெரிசாக வந்தது, அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

ஓரகத்தியிடம் நான் மன்னிப்புக் கேட்க ஒரு வாரம் ஆயிற்று. "சரி விடுக்கா, நாளைக்கு உளுந்து எவ்வளவு போடறது?" என்றாள். கேன் விலை ஏறியபோது மாவு விலையில் ரெண்டு ரூபாய் கூட்டினோம், வாடிக்கைக்காரர்களிடம் நோட்டையே காட்டினோம். தண்ணிக் கட்டத்தை இப்போது எழுதுவது அவள்தான்.