உரைகல்லில் இரு மண்டையோடுகள்

பழைய நகை ஒன்றை மாற்றப் பொற்கொல்லரிடம் செல்கிறோம். நகை எத்தனை பளபளப்பாக இருந்தாலும், எத்தனை பெரிய குடும்பத்திலிருந்து வந்திருந்தாலும், உரைகல்லில் ஒருமுறை தேய்த்துப் பார்க்காமல் அவர் விலை பேசுவதில்லை. அதற்காக நாம் அவர்மீது வருத்தம் கொள்வதும் இல்லை. அறிவுலகிலும் அத்தகைய உரைகல் உண்டு. ஆனால் அதனை எடுத்துப் பயன்படுத்த மனிதருக்கு மனம் வராத காலங்களும் இருந்திருக்கின்றன. பண்டைய மனித முன்னோரைத் தேடிய ஆராய்ச்சியில் அவ்வாறு நேர்ந்த ஒரு வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறோம்.

நம் வீடுகளில் பள்ளிப் பிள்ளைகள் புதைபடிவங்களைப் பற்றிப் பேச்செடுக்கும்போது, "அதெல்லாம் புரட்டு, இங்கிலாந்தில் பொய் மண்டையோட்டைச் செய்து உலகத்தையே ஏமாற்றினார்களே!" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்வது நடந்த செய்திதான். ஆனால் அது பாதிச் செய்தி. அந்தப் புரட்டைக் கண்டுபிடித்தவர் யார், எப்படிக் கண்டுபிடித்தார், அதற்குள் எந்த உண்மை வாசலில் காத்துக் கிடந்தது என்பன மீதிப் பாதி. மனிதப் படைப்பைப் பற்றிய சமய நம்பிக்கைகளை எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சியத்தை மனிதர் எவ்வாறு கேட்டனர், எவ்வாறு கேட்க மறுத்தனர் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சரளைக் குழியிலிருந்து வந்த புகழ்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சசெக்ஸ் மாவட்டத்தில் பில்ட்டவுன் என்று ஒரு சிற்றூர். அங்கே சாலைக்குச் சரளை வெட்டும் குழி ஒன்றிலிருந்து கெட்டியான பழைய மண்டையோட்டுத் துண்டுகள் கிடைத்தன என்று சார்லஸ் டாசன் என்பவர் 1912ஆம் ஆண்டில் அறிவித்தார். அவர் தொழிலால் வழக்கறிஞர். பழம்பொருள் தேடுவதில் பெருவிருப்பம் கொண்டவர். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நிலவியல் துறைத் தலைவர் ஆர்தர் ஸ்மித் உட்வர்டு அவருடன் சேர்ந்து தோண்டினார். மேலும் சில துண்டுகளும் ஒரு தாடையெலும்பும் கிடைத்தன. 1912 டிசம்பர் 18 அன்று இலண்டன் நிலவியல் கழகத்தின் கூட்டத்தில் 'பில்ட்டவுன் மனிதன்' உலகுக்கு அறிமுகமானான்.

மண்டையோடோ இக்கால மனிதனுடையதைப் போல் பெரிது. தாடையோ வாலில்லாக் குரங்கினுடையதைப் போன்றது. இவ்விரண்டும் ஓருடலில் இருந்தன என்றால், மனித முன்னோருக்கு மூளைதான் முதலில் பெருத்தது, மற்ற மாற்றங்கள் பின்னர் வந்தன என்று ஆகிறது. அன்றைய பிரித்தானிய அறிஞர் பலரும் எதிர்பார்த்துக் காத்திருந்த விடை இதுவே. மனிதனின் பெருமை அவனுடைய அறிவு; ஆகவே அறிவின் இருப்பிடமான மூளையே முந்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதற்குமேல் இன்னொரு மகிழ்ச்சியும் இருந்தது. ஜெர்மனியில் ஆதிமனிதன் எலும்பு கிடைத்திருந்தது, பிரான்சிலும் கிடைத்திருந்தது. இங்கிலாந்துக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாதிருந்தது. இப்போது அந்தக் குறையும் தீர்ந்தது.

ஐயம் எழாமல் இல்லை. தாடை குரங்கினுடையது, மண்டையோடு மனிதனுடையது, இரண்டையும் இணைத்தது தவறு என்று டேவிட் வாட்டர்ஸ்டன் என்னும் உடற்கூற்றியல் அறிஞர் 1913ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால் தாடை மண்டையோட்டோடு பொருந்தும் மூட்டுப் பகுதி உடைந்து போயிருந்தமையால் இருபக்கமும் வாதிட இடமிருந்தது. அதே ஆண்டில், நிபுணர்கள் எப்படியிருக்கும் என்று எதிர்பார்த்தார்களோ அப்படியே ஒரு கோரைப்பல்லும் குழியில் கிடைத்தது. கேட்டதெல்லாம் கேட்டபடியே கிடைக்கும்போது மனிதன் எச்சரிக்கை அடைய வேண்டும். அன்று அவ்வாறு எச்சரிக்கை அடைந்தோர் சிலரே.

1916ஆம் ஆண்டில் டாசன் இறந்தார். அதன்பின் உட்வர்டு பல ஆண்டுகள் அங்கே தோண்டினார். குறிப்பிடத்தக்கதாக எதுவும் கிடைக்கவில்லை. டாசனோடு குழியின் அதிர்ஷ்டமும் போயிற்று என்று மட்டுமே எண்ணிக்கொண்டார்கள்.

சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு குழந்தை

இனித் தென் ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். ஜோகன்னஸ்பர்க் நகரின் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் டார்ட் என்னும் இளம் பேராசிரியர் உடற்கூற்றியல் கற்பித்து வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், இலண்டனில் பணியாற்றிவிட்டு வந்தவர். 1924ஆம் ஆண்டின் இறுதியில், டாங் என்னும் ஊரிலிருந்த சுண்ணாம்புக் கல் சுரங்கத்திலிருந்து அவருக்குக் கற்கள் நிறைந்த பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று மூளையின் வடிவத்திலேயே அமைந்த கல். மண்டையோட்டின் உள்ளே மண்ணும் சுண்ணமும் நிரம்பி இறுகியதால் உண்டான அச்சு அது. அதற்குப் பொருத்தமான முகம் மற்றொரு கல்லுக்குள் மறைந்திருந்தது.

டார்ட் பல வாரங்கள் பொறுமையாகச் செதுக்கினார். தம் மனைவியின் பின்னல் ஊசிகளைக் கூர்தீட்டிக் கருவியாகக் கொண்டார். டிசம்பர் 23 அன்று கல் பிளந்து முகம் வெளிப்பட்டது. வாய் நிறையப் பால்பற்கள்; கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைத்திருந்தது. அது ஒரு குழந்தையின் முகம்! இக்காலக் கணிப்பின்படி, இறக்கும்போது அதற்கு மூன்று அல்லது நான்கு வயதிருக்கும். அது வாழ்ந்தது 25 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர்.

மூளை சிறியது, வாலில்லாக் குரங்கின் அளவே இருந்தது. ஆனால் கோரைப்பற்கள் குரங்கினுடையவைபோல் நீண்டிருக்கவில்லை. இதைவிட முக்கியமான சான்று மண்டையோட்டின் அடியில் இருந்தது. தண்டுவடம் மண்டையோட்டினுள் நுழையும் துவாரம், நாற்கால் விலங்குகளில் பின்புறமாக இருக்கும். நிமிர்ந்து நடக்கும் மனிதனில் நடுவிலே இருக்கும். இந்தக் குழந்தையில் அது முன்னோக்கி அமைந்திருந்தது. ஆகவே இவ்வுயிர் நிமிர்ந்து நடந்திருக்க வேண்டும் என்று டார்ட் முடிவு செய்தார். 1925 பிப்ரவரி 7 அன்று 'நேச்சர்' இதழில் இதனை வெளியிட்டு, 'ஆஸ்திரலோபித்திகஸ் ஆப்பிரிக்கானஸ்' என்று பெயரிட்டார். 'ஆப்பிரிக்காவின் தென்புலக் குரங்கு' என்பது அதன் பொருள்.

அடுத்த வாரமே அறிஞர் நால்வரின் கருத்துகள் அதே இதழில் வெளிவந்தன. அவருள் ஆர்தர் கீத்தும் உட்வர்டும் இருந்தனர். ஆரவாரமான வரவேற்பில்லை, தயக்கமும் மறுப்புமே மிகுந்திருந்தன. இது கொரில்லா, சிம்பன்சி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே கீத்தின் தீர்ப்பு. குரங்குக் குட்டிகளின் முகம் இளமையில் மனித முகத்தை ஒத்திருப்பது இயல்பு என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு குழந்தையின் எலும்பை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்று கேட்டதும் தவறன்று. ஆனால் அதே கண்டிப்பை அவர்கள் பில்ட்டவுன் துண்டுகளிடம் காட்டினார்களா என்பதுதான் நம் கேள்வி. பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்ட பில்ட்டவுன் மனிதன் மெய்யானால், சிறிய மூளையும் மனிதப் பற்களும் கொண்ட டாங் குழந்தைக்கு முன்னோர் வரிசையில் இடமில்லை. பொய் ஒன்று ஆசனத்தில் அமர்ந்துவிட்டது; மெய் நிற்கவும் இடமின்றிப் போயிற்று.

இடத்தின் மீதும் மனத்தடை இருந்தது. மனிதனின் ஆதித் தாயகம் ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்று சார்லஸ் டார்வின் 1871ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். எனினும் அடுத்த தலைமுறை அறிஞர் பெரும்பாலோரின் பார்வை ஐரோப்பாவின் மீதும் ஆசியாவின் மீதுமே இருந்தது. அடிமைகொண்ட கண்டத்தை அன்னை நிலம் என்று ஒப்புக்கொள்ள ஆள்வோரின் உலகத்துக்கு எளிதில் மனம் வருமா?

1931ஆம் ஆண்டில் டார்ட் அந்த மண்டையோட்டை எடுத்துக்கொண்டு இலண்டன் சென்றார். சீனத்தில் பீக்கிங் அருகே கிடைத்த எலும்புகளைப் பற்றியே அப்போது எங்கும் பேச்சு. அவர் மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்.

உரைகல் வெளியே வந்தது

டார்ட் சோர்ந்தாலும் ராபர்ட் புரூம் சோரவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்து தென் ஆப்பிரிக்காவில் மருத்துவம் பார்த்து வந்த அம்முதியவர், குழந்தை எலும்பு போதாதென்றால் வளர்ந்தவரின் எலும்பைத் தேடுவோம் என்று புறப்பட்டார். 1936ஆம் ஆண்டில் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைப் பகுதியில் அது கிடைத்தது. 1947ஆம் ஆண்டில் அங்கேயே ஏறத்தாழ முழுமையான மண்டையோடு ஒன்றும் கிடைத்தது. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் லே குரோ கிளார்க் நேரில் வந்து எலும்புகளைத் தம் கையால் எடுத்துப் பார்த்து, டார்ட் கூறியதே சரி என்றார். அதே 1947ஆம் ஆண்டில், எண்பது வயதைத் தாண்டியிருந்த ஆர்தர் கீத், டார்ட் சொன்னது சரி, தாம் சொன்னது தவறு என்று 'நேச்சர்' இதழிலேயே எழுதினார். பிழையை ஒப்புக்கொள்ள வயது தடையன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பில்ட்டவுன் எலும்புகளின் நாளும் நெருங்கியது. மண்ணில் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரினைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். ஒரே இடத்தில் கிடந்த எலும்புகளுள் பழையதில் அது மிகுந்தும், புதியதில் குறைந்தும் இருக்கும். இலண்டன் அருங்காட்சியகத்தின் கென்னத் ஓக்லி 1949ஆம் ஆண்டில் இச்சோதனையைச் செய்தார். பில்ட்டவுன் எலும்புகள் நம்பப்பட்ட அளவு பழமையானவை அல்ல என்று தெரிந்தது. ஆனால் அண்மைக் காலத்தில் குரங்குத் தாடையோடு ஒரு மனிதன் இங்கிலாந்தில் உலவியிருக்க முடியுமா? புதிர் முன்னிலும் பெரிதாயிற்று.

1953ஆம் ஆண்டில் ஜோசப் வைனர் அப்புதிரை அவிழ்த்தார். அவர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றியவர். பிறந்ததும் கற்றதும் தென் ஆப்பிரிக்காவில். அதுவும் டார்ட் கற்பித்த அதே பல்கலைக்கழகத்தில். தாடையை யாரேனும் வேண்டுமென்றே அங்கே வைத்திருந்தால்? இந்தக் கேள்வியோடு பற்களைப் பார்த்தபோது அவற்றின் மேற்பரப்பு அரத்தால் தேய்க்கப்பட்டிருப்பது புலனாயிற்று. பழமை தோன்றச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. வைனர், ஓக்லி, லே குரோ கிளார்க் ஆகிய மூவரும் நவம்பர் மாதத்தில் மோசடியை உலகுக்கு அறிவித்தனர். மண்டையோடு சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட மனிதனுடையது. தாடை ஒராங் உட்டான் குரங்கினுடையது என்பது பிந்திய சோதனைகளில் உறுதியாயிற்று. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வும் டாசனையே குற்றவாளியாகச் சுட்டுகிறது.

ஏறத்தாழ நாற்பத்தோராண்டுகள் நின்ற பொய் அன்று சாய்ந்தது. அதனைச் சாய்த்தவர் ஆராய்ச்சிக்குப் புறத்தே நின்று எள்ளியவர் அல்லர். அத்துறைக்குள்ளேயே இருந்த அறிஞர்கள். எலும்பைப் பொய்யென்று காட்டியதும் எலும்பு பற்றிய அறிவே. ஆகவே பில்ட்டவுனைக் காட்டிப் புதைபடிவ ஆராய்ச்சி முழுவதையும் ஒதுக்குவது, கள்ளக்காசைப் பிடித்த வணிகரிடமே "உம் பெட்டியிலுள்ள காசெல்லாம் கள்ளக்காசு" என்று சொல்வதை ஒக்கும்.

பின்வந்த சாட்சிகள்

டாங் குழந்தை தனித்து நிற்கவில்லை. 1974ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் 'லூசி' என்று பெயரிடப்பட்ட எலும்புக்கூடு கிடைத்தது. ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகள் பழமை வாய்ந்த அவ்வுயிரின் மூளை சிறியது; இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்ததைக் காட்டின. 1978ஆம் ஆண்டில் தான்சானியாவின் லேட்டோலியில் மேரி லீக்கியின் குழுவினர், 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த இருகால் நடையின் சுவடுகளைக் கண்டனர். கால்கள் முதலில் நிமிர்ந்தன. மூளை மிகப் பிந்தியே பெருத்தது. டார்ட் கண்டதும் இந்த வரிசையைத்தான்.

நம் இனமாகிய இக்கால மனிதனின் எலும்புகளிலும் மிகப் பழையவை ஆப்பிரிக்காவிலேயே கிடைத்துள்ளன. மொராக்கோ நாட்டில் மராக்கேஷ் நகருக்கு மேற்கே ஜெபல் இர்ஹூத் என்னும் குன்றில், 1961ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தனர். அதற்கு வயது 40,000 ஆண்டுகள் என்று முதலில் எண்ணினர். பின்னர் மீண்டும் அகழ்ந்து, தீயில் சுட்ட கற்கருவிகளைச் சோதித்து, ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் என்று 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இங்கே மோசடி எதுவுமில்லை; கணக்குத்தான் பிழை. அதையும் பின்வந்த சோதனையே திருத்தியது.

ரேமண்ட் டார்ட் தம் சொல் வென்றதைக் கண்ணாரக் கண்டு, 1988ஆம் ஆண்டில் 95ஆம் வயதில் மறைந்தார். டாங் குழந்தை இறந்த விதமும் பின்னர் தெரியவந்தது. அதன் கண்குழிகளில் உள்ள வடுக்கள், பெரிய கழுகு தூக்கிச் செல்லும் குரங்குகளின் மண்டையோட்டில் காணும் வடுக்களை ஒத்திருப்பதை 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். கழுகின் கால்களில் சிக்கிப் போன அந்தப் பிள்ளை, இத்தனை இலட்சம் ஆண்டுகள் கல்லுக்குள் கிடந்து, பின்னும் இருபதாண்டுகளுக்கு மேல் மனிதரின் பெருமிதத்துக்கு முன் காத்திருந்தது.

நம் பிள்ளைகள் இத்தகைய செய்திகளை வீட்டுக்குக் கொண்டு வரும்போது, அவர்களுடைய வாயை அடைக்க வேண்டாம்; கேட்டதையெல்லாம் நம்பவும் பழக்க வேண்டாம். இதைக் கண்டவர் யார்? எந்த இடத்தில் கண்டார்? வேறொருவர் சோதித்தாரா? நமக்குப் பிடித்திருப்பதால் நம்புகிறோமா, சான்று இருப்பதால் நம்புகிறோமா? இந்த நான்கு கேள்விகளை அவர்கள் கையில் கொடுத்தால் போதும். இலண்டன் பேரறிஞர்கள் 1912ஆம் ஆண்டில் இக்கடைசிக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு பொய்க்கு நாற்பதாண்டு வாழ்வு கிடைத்திராது.