கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

சென்ற வருஷம் எங்கள் கிளையின் ஆண்டு விழாவில், தென்னிந்திய நாடக மேடையைப் பற்றி நான் ஒரு கட்டுரை வாசித்தேன். கொடுத்த நேரம் 15 நிமிஷம், நான் எடுத்துக்கொண்டது 40. வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது, முன்வரிசையில் மரியாதைக்காகச் சில நிர்வாகிகள் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில்! "ஜனங்களுக்கு ரஸனையே போய்விட்டது" என்று வீட்டில் வந்து அலுத்துக்கொண்டேன். "நடுவில் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தேளா?" என்று கேட்டாள் என் மனைவி. என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு எனக்குக் கும்பளங்கி ஞாபகம் வந்தது.

1984-ல் உத்தியோக நிமித்தம் கொச்சியில் இருந்தேன். ஜாகை மட்டாஞ்சேரியில். அதற்குத் தெற்கே காயல் சூழ்ந்த கிராமம் கும்பளங்கி. சீன வலைகளும் மீன்பிடித் தொழிலும் நிறைந்த ஊர். அங்கே தேவாலயத் திருவிழாவில் 'சவிட்டு நாடகம்' பார்க்கலாம் என்று என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். சவிட்டு என்றால் மலையாளத்தில் மிதி. லத்தீன் கத்தோலிக்கர்களின் கலை அது. ஐரோப்பிய ராஜாக்களைப் போல ஜரிகை உடையும் கிரீடமும் அணிந்த நடிகர்கள், தாங்களே பாடிக்கொண்டு, தாளத்துக்கு மேடையை ஓங்கி மிதித்து ஆடுவார்கள். அன்று நடந்தது 'காறல்மான் சரிதம்'. காறல்மான் என்பது பிரெஞ்சு தேசச் சக்கரவர்த்தி ஷார்லமேனின் பெயர்.

பாட்டைக் கேட்டதும் திடுக்கிட்டேன். பாதிக்கு மேல் தமிழ்! பழைய சவிட்டு நாடகச் சுவடிகள் எல்லாம் தமிழ் கலந்த நடையில் அமைந்தவை என்று நண்பர் சொன்னார். போர்த்துக்கீசியர் கொச்சியில் செல்வாக்குடன் இருந்த காலத்தில் உருவான கலை இது என்பது பொதுவான கருத்து. 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகும் இது மறையவில்லை. தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பவரே இதன் ஆதி ஆசான் என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். நம் கூத்து ஆசிரியர்களையும் அண்ணாவி என்றுதானே சொல்கிறோம்? ஸபீனா ராஃபி என்ற அம்மையார் இக்கலையை ஆராய்ந்து 1964-ல் மலையாளத்தில் நூல் வெளியிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். பார்ப்பவர்கள் எல்லோரும் மலையாளிகள். இந்தத் தமிழ் அவர்களுக்கு எப்படிப் புரிகிறது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஸாரே, பாஷை ஆசானுக்கு, சவிட்டு எங்களுக்கு" என்றார்.

அப்புறம்தான் கவனித்துப் பார்த்தேன். மேடை மரப்பலகையால் ஆனது, அடியில் வெற்றிடம். நான் பௌதிகம் படித்தவன். வீணைக்குக் குடம் செய்கிற வேலையை இங்கே அந்த வெற்றிடம் செய்கிறது என்று புரிந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும், காயல் காற்றைத் தாண்டி, கடைசியில் நிற்கும் மீனவருக்கும் அந்த மிதி கேட்டிருக்கும். வீரனின் மிதி வேறு, ஸ்திரீ வேஷத்தின் மிதி வேறு. போதாக்குறைக்குக் கட்டியக்காரன் என்ற விகடன் நடுவில் வந்து சிரிக்க வைக்கிறான். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு அவன் உறவுக்காரன்தான். முன்பெல்லாம் பல இரவுகள் நடந்த நாடகங்களைப் பிற்காலத்தில் சில மணி நேரத்துக்குள் அடக்கிக்கொண்டார்கள். ஆனால் மிதியை மட்டும் விடவில்லை. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதை எதிரே இருந்த ஜனங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

நம் ஸங்கீதத்திலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அரியக்குடி ராமானுஜய்யங்கார் (1890–1967) தலையெடுத்த காலத்தில், நீண்ட ராக விஸ்தாரமும் பல்லவியுமே வித்வத்துக்கு அடையாளம். அரண்மனையிலும் ஜமீன்களிலும் விஷயம் தெரிந்த சிலருக்கு முன் பாடுவதற்கு அது சரி. ஆனால் பட்டணத்துச் சபாக்களுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வேறு ரகம். ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள். அரியக்குடி அவர்களைப் பார்த்தார். முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான கிருதிகள், நடுவில் பெரிய உருப்படி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று ஒரு வரிசையை நிலைநிறுத்தினார். இன்றும் கச்சேரிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன. அவர் பல்லவியைத் தள்ளிவிடவில்லை, அளவோடு வைத்தார். இதனால் வித்வத் சபை அவரைக் குறைவாக எண்ணவும் இல்லை. 1938-ல் 'ஸங்கீத கலாநிதி' ஆனார்.

சபையைக் கேட்பது என்றால் கைதட்டலுக்குத் தாளம் போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்பவரிடம் நாளைக்குப் பாட ஒன்றும் மிஞ்சாது. எதிரே இருப்பவர் யார், எந்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார், எங்கே அவர் மனம் நழுவுகிறது என்று கவனிப்பதுதான் நான் சொல்லும் கேட்பது. அப்படிக் கவனித்ததால்தான் கும்பளங்கியில் புரியாத பாஷையும் நிலைத்தது. நானோ, எல்லோருக்கும் புரிகிற பாஷையில் வாசித்து, நாற்காலிகளைக் காலி செய்தேன்!

இந்த வருஷ விழாவில் மறுபடியும் 15 நிமிஷம் கேட்டு வாங்கினேன். காகிதம் எடுத்துப் போகவில்லை. கும்பளங்கிக் கதையைச் சபையைப் பார்த்தே சொன்னேன். பாதியில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாமி, "கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ, இங்கே கேக்கலை" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். அவர் எழுந்து போகவில்லை அல்லவா! உரக்கச் சொன்னேன்.

நம் கிளைகளில் பாடுகிறவர்களும் பேசுகிறவர்களும் நாடகம் போடுகிறவர்களும் மேடை ஏறுமுன் அந்தக் கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.