இயங்குதளப் புதுப்பிப்பும் விசைப்பலகை அமைப்பு மாற்றங்களும்

கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது விசைப்பலகையின் தளவமைப்பு, மொழி மாற்றும் விசை, காப்ஸ் லாக் போன்ற விசைகளின் வேலை, விசையை அழுத்திப் பிடித்தால் நிகழ்வது ஆகியவற்றில் சிறு மாற்றங்கள் நேர்வதுண்டு. பொத்தான் ஒன்று திரையில் இடம் மாறினால் கண் தேடிக் கண்டுபிடித்துவிடும். விரல் அப்படித் தேடுவதில்லை. பழகிய இடத்தையே அழுத்துகிறது. அதனால் புதுப்பிப்பின் விவரப் பட்டியலில் ஒரு வரிகூடப் பெறாத மாற்றமும் நாள் முழுவதும் தட்டச்சு செய்பவரின் வேலையைக் குலைத்துவிடும். பலகை பழுதாகிவிட்டதாகப் பலர் எண்ணினாலும், பெரும்பாலும் பழுது பலகையில் இருப்பதில்லை.

விசை எழுத்தாகும் வழி

விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை. அழுத்தப்பட்ட விசை எது என்பதற்கான எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணும் வழியில் மாறுகிறது. ஆங்கில 'ஏ' விசைக்கு யூஎஸ்பி தரத்தில் எண் 4. லினக்ஸ் கருவகத்தில் 30. எக்ஸ் எனப்படும் வரைகலைச் சேவையில் 38. அதன் பிறகே, தேர்ந்தெடுத்த தளவமைப்பு அந்த எண்ணுக்குரிய எழுத்தைத் தருகிறது. குறுக்குவிசைகளைக் கவனிப்பது இவற்றுக்கும் மேலே உள்ள மேசைச்சூழல் அடுக்கு. பயனர் செய்துவைத்த அமைப்பு இவற்றில் ஏதோ ஓர் அடுக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். புதுப்பிப்பு அந்த அடுக்கை மாற்றிவிட்டாலோ, பொறுப்பை வேறோர் அடுக்குக்குக் கொடுத்துவிட்டாலோ, பழைய அமைப்பு கோப்பில் அப்படியே இருந்தும் அதைப் படிக்க ஆளில்லாமல் போகிறது.

இதற்குத் தெளிவான சான்று 2008-ஐ ஒட்டி லினக்ஸ் வெளியீடுகளில் நேர்ந்தது. பழைய விசைப்பலகை இயக்கியில் 111 என்பது திரைப்பிடிப்பு விசையின் எண். புதிதாக வந்த 'ஈவ்டெவ்' இயக்கியில் அதே 111 மேல்நோக்கு அம்புக்குறிக்கு உரியது. புதிய இயக்கியும் பழைய எண் அட்டவணையும் ஒன்றாக அமைந்துவிட்ட கணினிகளில், மேல் அம்பை அழுத்தினால் திரைப்பிடிப்புச் சாளரம் திறந்தது.

குறிப்பிடத்தக்க மாற்றங்கள்

உபுண்டு 9.04 (2009): கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரைகலைச் சேவை உடனே நின்றுவிடும் வசதி இயல்பாக முடக்கப்பட்டது. கைதவறி அழுத்தியவர்கள் சேமிக்காத வேலையை இழந்ததே காரணம். வேண்டியவர்கள் அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

மேக் ஓஎஸ் 10.7 (2011): விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து தொடர்ந்து விழுந்த இடத்தில், அந்த எழுத்தின் குறியிட்ட வடிவங்களைக் காட்டும் சிறு பட்டியல் வந்தது. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் எழுதுவோருக்கு இது பெரும் உதவி. எழுத்து விசையைப் பிடித்தபடி வரிவரியாக நகரும் நிரலாளர்களுக்கோ இடையூறு. பழைய நடத்தையை ஒரு கட்டளையால் மீட்கலாம்.

விண்டோஸ் 8 (2012): அதுவரை ஒவ்வொரு சாளரமும் தனக்கான உள்ளீட்டு மொழியை நினைவில் வைத்திருந்தது. இதில் மொழித் தேர்வு கணினி முழுமைக்கும் பொதுவானது. மொழி மாற்ற விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் என்ற கூட்டும் வந்தது. சாளரவாரியான பழைய முறை மேம்பட்ட அமைப்புகளில் ஒரு தேர்வாக மட்டும் தங்கியது.

உபுண்டு 13.10 (2013): மொழி மாற்றும் பொறுப்பு எக்ஸ் சேவையிடமிருந்து மேசைச்சூழலுக்குப் போனது, இயல்பான கூட்டு சூப்பர் (விண்டோஸ் விசை), ஸ்பேஸ் என்றானது. ஆல்ட், ஷிஃப்ட் கூட்டுக்குப் பழகியிருந்த பன்மொழிப் பயனர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

மேக் ஓஎஸ் 10.12 (2016): உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் உள்கட்டமைப்பு மாறியதால், விசைகளின் வேலையை மாற்றித்தரும் 'கராபைனர்' மென்பொருள் செயலிழந்தது, அது புதிதாக எழுதப்பட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த 10.12.1 பதிப்பில், காப்ஸ் லாக்கை எஸ்கேப் விசையாக்கும் வசதி அமைப்புப் பட்டியலிலேயே சேர்ந்தது.

விண்டோஸ் 11 (2023): திரைப்பிடிப்பு விசை நேரடியாகப் படமெடுக்காமல், திரையை வெட்டியெடுக்கும் கருவியைத் திறப்பது இயல்பானது. அணுகல் வசதிப் பிரிவின் விசைப்பலகைப் பக்கத்தில் இதை அணைக்கலாம்.

தமிழ்த் தட்டச்சில் தாக்கம்

தமிழில் எழுதுபவர் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே நாளுக்குப் பலமுறை மாறுகிறார். எனவே மொழி மாற்றும் விசை அவருக்கு எழுத்து விசைக்கு நிகரானது. தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறையிலான அஞ்சல் எனத் தமிழுக்குப் பல தளவமைப்புகள் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆங்கில 'கே' விசை தமிழ்99இல் 'ம', இன்ஸ்கிரிப்டில் 'க'. 'எச்' விசை முன்னதில் 'க', பின்னதில் 'ப'. விண்டோஸில் வெறுமனே 'தமிழ்' எனப் பெயர்கொண்ட தளவமைப்பு இன்ஸ்கிரிப்ட். தமிழ்99, அஞ்சல் ஆகியவை அதில் பின்னர் சேர்ந்தவை. ஆகவே மொழி தமிழாகவே இருந்தும் சொற்கள் சிதைந்து வந்தால், முதலில் பார்க்க வேண்டியது மொழிக்குக் கீழுள்ள தளவமைப்பின் பெயரையே.

கண்டறிதலும் சீரமைத்தலும்

எழுத்துகள் மாறி விழுந்தால் தளவமைப்பையும், எழுத்து சரியாக இருந்து கூட்டுவிசை மட்டும் வேலை செய்யாவிட்டால் மேசைச்சூழலின் குறுக்குவிசைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். மேக்கில் கண்ட்ரோல், காப்ஸ் லாக் போன்ற மாற்றுவிசைகளின் வேலை பலகைவாரியாகச் சேமிக்கப்படுவதால், புதிய பலகையை இணைத்தால் அதற்கும் தனியே அமைக்க வேண்டும். லினக்ஸில் பொதுக் கோப்புகளில் நேரடியாகச் செய்த திருத்தங்களை அடுத்த புதுப்பிப்பு மேலெழுதிவிடும். பயனரின் தனிக் கோப்புறையில் வைத்தவை நிலைக்கும்.

உள்நுழைவுத் திரைக்குத் தனிக் கவனம் தேவை. அதன் தளவமைப்பு பயனருடையதிலிருந்து வேறாக இருக்கலாம். கடவுச்சொல் புள்ளிகளாக மறைந்திருப்பதால் எந்த எழுத்து விழுகிறது என்று தெரியாது. சரியான கடவுச்சொல்லையே தவறு என்று கணினி மறுக்கும்போது, அத்திரையின் மூலையில் உள்ள மொழிக்குறியைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்வது நல்லது.

புதுப்பிக்கும் முன் நான்கு விவரங்களைக் காகிதத்தில் எழுதிவைத்தால் போதும்: தளவமைப்பின் முழுப்பெயர், மொழி மாற்றும் கூட்டு, வேலை மாற்றிய விசைகள், விசையைப் பிடித்தால் எழுத்து மீண்டும் மீண்டும் விழும் வேகம். இவை பழகியவரின் விரலுக்கு மட்டுமே தெரிந்தவை. எந்த விசையை அழுத்துகிறோம் என்று கேட்டால் அவராலேயே உடனே சொல்ல முடியாது. காகிதத்தில் இருந்தால், புதிய பதிப்பில் அமைப்பு எங்கே இடம் மாறியிருந்தாலும் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.