கடற்கொள்ளை ஒழிப்பு (பேராக்)

பேராக் கடற்கரையிலும் மலாக்கா நீரிணையிலும் கப்பல்களைத் தாக்கும் கொள்ளையரை அடக்க எடுக்கப்பட்ட கடற்படை நடவடிக்கைகள். ஈப்போவுக்குத் தென்மேற்கே உள்ள லூமுட், அரச மலேசியக் கடற்படையின் முதன்மைத் தளங்களுள் ஒன்று.

பங்கோர் தீவும் அதன் எதிரே உள்ள டிண்டிங்ஸ் கரையும் 19ஆம் நூற்றாண்டில் கொள்ளையர் பதுங்கிடங்கள். 1874 ஜனவரி 20இல் பங்கோர் உடன்படிக்கை டிண்டிங்ஸைப் பிரிட்டனுக்கு அளித்தது. கொள்ளை ஒழிப்பு அதற்குச் சொல்லப்பட்ட காரணம், ஆட்சி விரிவாக்கமும் உடன் வந்தது. 1935இல் அப்பகுதி பேராக்கிற்குத் திரும்பியது.

2004இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகியவை ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டு வான்வழிக் கண்காணிப்பு சேர்ந்தது. 2008இல் தாய்லாந்து இணைந்தது. ஒவ்வொரு நாடும் தன் கடலெல்லையைத் தானே காக்கும். இறையாண்மையை விட்டுக்கொடுக்காத இவ்வேற்பாட்டில் எல்லை தாண்டித் துரத்துவதே சிக்கல். லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க்குழு 2005இல் நீரிணையைப் போர் ஆபத்துப் பட்டியலில் சேர்த்து, 2006 ஆகஸ்டில் நீக்கியது.

நீரிணைக்கு வெளியே, 2008இல் இரு மலேசியக் கப்பல்கள் ஏடன் வளைகுடாவில் கடத்தப்பட்டபின் 'ஃபஜார்' நடவடிக்கை தொடங்கியது. சரக்குக் கப்பலாக இருந்து மாற்றப்பட்ட 'பூங்கா மாஸ் லீமா'விலிருந்து சென்ற மலேசியக் கடற்படையின் பாஸ்கல் சிறப்புப் படையினர் 2011 ஜனவரி 20இல் 'பூங்கா லாரல்' இரசாயனக் கப்பலை மீட்டனர். மாலுமிகள் 23 பேரும் உயிர் தப்பினர். கொள்ளையர் 7 பேர் பிடிபட்டனர்.