வளத்தொகுதி

பல சர்வர்களை ஒரே கொத்தாகப் பிணைத்து, அவற்றுள் ஒன்று செயலிழக்குங்கால் மற்றொன்று அதன் காரியத்தை ஏற்கும்படி அமைக்கும் முறையில், சேர்ந்தே இயங்கவும் சேர்ந்தே இடம்பெயரவும் வேண்டிய உறுப்புகளின் கூட்டம் வளத்தொகுதி எனப்படும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1997-இல் விண்டோஸ் என்.டி. 4.0 காலத்தில் அறிமுகப்படுத்திய கொத்துமுறையில், எஸ்.க்யூ.எல். சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளுக்குரிய தொகுதியானது பொது டிஸ்க், ஐ.பி. முகவரி, நெட்வொர்க் பெயர், தரவுத்தளச் சேவை, அதன் ஏஜென்ட் ஆகியவற்றை உள்ளடக்கியது. எச்சமயத்திலும் ஒரு சர்வர் மாத்திரமே அதற்கு உடைமையாளராக இருக்கும்.

முகவரி ஆயத்தமாகாமல் பெயர் எழாது, பெயரும் டிஸ்கும் ஆயத்தமாகாமல் சேவை எழாது என்னும் சார்புக் கிரமமே இதன் ஜீவநாடி. புதிய டிஸ்கைத் தொகுதியில் சேர்த்துவிட்டு, சேவை அதனைச் சார்ந்தது என்று பதிய மறந்த நிர்வாகி, அதில் தரவுக் கோப்பொன்றை அமைக்க முற்படுவாராயின், கண்ணெதிரே டிஸ்க் இருந்தும் 5184 என்னும் பிழை எண்ணுடன் எஸ்.க்யூ.எல். சர்வர் மறுத்துவிடும். அனுபவசாலிகளும் இதில் இடறுவதுண்டு.

பழுதுற்ற சர்வர் குணமடைந்தவுடன் தொகுதி தானாகவே அதற்குத் திரும்புதல் இயல்பிருப்பில் தடுக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் இடமாற்றமும் பயனர்களின் இணைப்புகளைத் துண்டிப்பதால் இத்தடை விவேகமானதே. வேண்டுவோர் இரவின் குறிப்பிட்ட மணிநேரங்களுக்குள் மட்டும் அதனை அனுமதிக்கலாம்.