வளைந்த தகடு போன தூரம்

நாரையின் சிறகைப் பார்த்துப் பார்த்தே ஜெர்மன் பொறியாளர் ஓட்டோ லிலியந்தாலுக்கு அதன் வளைவு பிடிபட்டது. தட்டையான பலகையைவிட, லேசாக வளைத்த மெல்லிய பரப்பு காற்றில் நன்றாகத் தூக்கும். 1889இல் வெளியான நூலில் அதை அளவுகளோடு எழுதினார்: வளைவின் உயரம், இறக்கையின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பிறகு வில்லோ மரக் கழியாலும் பருத்தித் துணியாலும் வளைந்த இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து குதித்தார். 1896 ஆகஸ்டில் இறக்கை காற்றின் பிடியை இழந்தது. விழுந்தவர் மறுநாள் இறந்தார்.

இறக்கையின் மேற்புறத்தில் தூரம் அதிகம், அதனால்தான் காற்று அங்கே வேகமாக ஓடுகிறது என்று பள்ளியில் கேட்டிருப்போம். அந்தக் கதை இந்த மெல்லிய வளைந்த தகட்டிடம் செல்லாது. இதற்கு மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே நீளம், ஆனாலும் தூக்குகிறது. காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

ரைட் சகோதரர்கள் 1901இல் அதே பன்னிரண்டில் ஒன்றைக் கட்டிப் பார்த்து ஏமாந்தார்கள். சொந்த ஊரான டேட்டனுக்குத் திரும்பி, ஆறடி நீள மரப்பெட்டியில் காற்றை ஓடவிட்டு, சுமார் 200 சிறு தகடுகளைச் சோதித்தார்கள். வளைவைக் குறைத்தார்கள். 1903இல் 12 வினாடி பறந்தார்கள்.

மெல்லிய இறக்கை தன்னால் நிற்காது. கம்பியும் கட்டையும் வேண்டும். அன்றைய விமானம் துணி காயப்போடும் கொடிபோல இருக்கும். 1915இல் ஜெர்மன் பொறியாளர் யுங்கர்ஸ் தடித்த உலோக இறக்கையோடு வந்தார், கம்பிகள் போயின. சின்ன மாதிரிகளை மெதுவான காற்றில் சோதித்ததால்தான் மெல்லியது சிறந்ததாகத் தெரிந்திருந்தது என்பதும் பிறகு புரிந்தது.

ஆனால் அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை. சிறிய இறக்கை, மெதுவான காற்று என்றால் தடித்த முகப்பைத் தாண்டிய காற்று சீக்கிரம் பிரிந்துவிடும். மெல்லிய வளைவு அங்கே ஜெயிக்கும். மாதிரி விமானங்களைப் பற்றி 1942இல் எழுதிய ஷ்மிட்ஸ் அளந்து காட்டியதும் இதைத்தான். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் இலையும் வளைத்த தகடுதானே.

செவ்வாயில் காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. அத்தனை மெலிந்த காற்றில் இறக்கை அந்தச் சின்ன மாதிரிகளைப் போலத்தான் நடந்துகொள்ளும். அங்கே பறக்க நாசாவின் இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டருக்கு மெல்லிய, வளைந்த கார்பன் இலைகள்தான் கைகொடுத்தன. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐஐடியில் படித்தவர். ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19 அன்று முதலில் எழுந்தது. இலைகளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று. 72ஆம் பயணத்தில், 2024 ஜனவரியில், இலைகள் உடைந்தன.

அந்த ஹெலிகாப்டரின் சூரியத் தகட்டின் அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டுத் துணி ஒட்டியிருக்கிறது. ரைட் சகோதரர்களின் 1903 விமான இறக்கையிலிருந்து வெட்டியது.