மூளைக்கட்டியும் பழைய ஸ்கேன் படமும்

ஆறு மாதமாகப் பெரியம்மாவின் தலையிடியைச் செல் துண்டின் கணக்கிலேயே போட்டு வந்தோம். 2009 இல் மாத்தளனில் பட்ட காயம். இடது காதுக்குப் பின்னால் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. இடித்தால், "அது தன்ரை வேலையைக் காட்டுது" என்று பனடோல் போட்டுவிட்டுப் படுப்பார். கடந்த வருடம் வலிப்பு வந்த பிறகுதான் சீ.ரீ. ஸ்கேன் எடுத்தார்கள். துண்டோடு சம்பந்தமே இல்லாமல், வலது நெற்றிப் பக்கம் ஒரு கட்டி.

கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டது: "முந்தி எடுத்த படம் ஏதும் இருக்கோ அம்மா?"

இருந்தது. சில வருடங்களுக்கு முன் விழுந்து அடிபட்டபோது எடுத்த ஸ்கேன். வீடு மாறும்போது குப்பையோடு சேர்த்து நான்தான் எரித்தேன்.

ஒரு படம் கட்டியின் அளவைத்தான் சொல்லும். வேகத்தை அறிய இரண்டு படங்கள் வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் அந்த வேகம் தெரிந்தால், பொறுத்திருக்கலாமா, உடனே திறக்க வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும்.

மூளைக்குள்ளேயே உருவாகும் புற்றுநோய்களில் மிக மோசமானது கிளியோபிளாஸ்டோமா. நோர்வேயின் துரொன்ஹெய்ம் ஆய்வாளர்கள் 2015 இல், சிகிச்சை தொடங்குமுன் இரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்த 106 நோயாளரின் படங்களை ஒப்பிட்டார்கள். இரண்டு படங்களுக்கும் இடையில் நடுத்தரமாக 17 நாட்கள்தான். கட்டியின் கனவளவு நாளொன்றுக்கு சுமார் 1.4 வீதம் கூடியிருந்தது. அதாவது ஏறத்தாழ 50 நாளில் இரு மடங்கு. பெரிய கட்டிகளை விடச் சிறியவையே வேகமாக வளர்ந்தன. "சின்னக் கட்டிதானே, தேர் முடியப் பாப்பம்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. இந்த நோய்க்குக் கதிர்வீச்சோடு டெமொசொலொமைட் மாத்திரையும் கொடுத்த 2005 ஆம் ஆண்டு ஆய்வில், நடுத்தர ஆயுள் 14.6 மாதங்கள்; நான்கில் ஒருவர் இரண்டு வருடம் கடந்தார்.

மெதுவாக வளரும் இரண்டாம் தரக் கிளியோமா வேறு கதை. அது வருடத்துக்குச் சராசரியாக 4 மில்லிமீற்றர் விட்டம் பெருக்கும். ஆனால் ஓய்வதில்லை. பிரான்ஸ் வைத்தியர்கள் 2006 இல் வெளியிட்ட கணக்கில், வருடத்துக்கு 8 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ வளர்ந்தவர்களின் நடுத்தர ஆயுள் 5 வருடத்தைச் சற்றுத் தாண்டியது. அதற்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு 15 வருடத்துக்கும் மேல். வயது, எவ்வளவு கட்டியை அகற்ற முடிந்தது, கட்டியின் மரபணு வகை எல்லாமே ஆயுளைத் தீர்மானிப்பவைதான். இந்த எண்களை எந்தத் தனி ஆளின் தலையிலும் எழுதிவிடாதீர்கள்.

எங்கள் சனத்துக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டியைத் துல்லியமாக அளக்க எம்.ஆர்.ஐ. தேவை. அது பெரிய காந்தம். உடம்பிலுள்ள இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் அருகே இருந்தால் ஆபத்து. பல வருடமாகத் தசைக்குள் இறுகிப்போன துண்டென்றால் அநேகமாக எடுக்க விடுவார்கள். எக்ஸ்ரே பார்த்துக் கதிரியக்க நிபுணரே முடிவு செய்வார். முடியாவிட்டால் சாயமருந்து ஏற்றிய சீ.ரீ. இருக்கிறது.

"எங்கை பட்டது, அப்ப எங்கை இருந்தனீங்கள்" என்ற அடுத்த கேள்விக்குப் பயந்து துண்டை மறைப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆனாலும் ஸ்கேன் அறையில் மறைக்க வேண்டாம். துண்டு உடம்பில் எந்த இடத்தில் என்பதுதான் அங்கே தேவை. எப்படி வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

பெரியம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. சாயமருந்து ஏற்றிய சீ.ரீ.யில் அது மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா போல் இருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் புற்றுநோயல்லாத, மெல்ல வளரும் வகை. வலிப்பு மருந்துக்கு அடங்கியிருக்கிறது. வயது 71 என்பதால் இப்போதைக்குத் திறக்கவில்லை. ஆறு மாதத்தின் பின் எடுத்த படத்தில் மாற்றம் இல்லை. இரண்டு படங்களும் அவருடைய ரங்குப் பெட்டியில், காணி உறுதிக்குக் கீழே இருக்கின்றன. அடுத்த ஸ்கேன் ஐப்பசியில்.